நாலாம் நம்பர் பிரஸ்ஸின் இடப்பக்கம்

“என் ஃபாரத்தை என்னடி பண்ணின? வாயில நாக்கு இருந்தா சொல்லு!”

“எந்த ஃபாரம் அண்ணி? குடுத்திருந்தாத்தானே நான் ஏதாவது பண்றதுக்கு!”

“குடுக்காமலா? போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டு, மடங்கிடக் கூடாதேன்னு அட்டை வச்சுக் குடுத்தனுப்பினேன். உங்க அண்ணன் கையில. உன் ஃபாரம் மட்டும் ஒழுங்காப் போய்ச் சேர்ந்திருக்கு, என் ஃபாரத்துக்கு மட்டும் றெக்கை முளைச்சுதா?”

“நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேசாதீங்க அண்ணி. என் கைக்கு ஒரு துண்டுச் சீட்டு வரல.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. மாடியில் தையல்காரம்மாவின் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது சட்டென்று நின்றது. அந்த மெஷின் நின்றால் ஒன்று கரண்ட் போயிருக்கும், இல்லை கீழே சண்டை தொடங்கியிருக்கும். ஒரு காலத்தில் இந்தத் தரத்துச் சண்டைக்குத் தெருவின் பதினாறு வீட்டு ஜன்னலும் திறந்துகொள்ளும். இப்போது ஏழு வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. கேட்க ஆளில்லாமல் நல்ல நல்ல சண்டையெல்லாம் வீணாகிக்கொண்டிருந்த காலம் அது.

சண்டை போட்ட இரண்டு பேருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, தொழிற்சாலை வைத்த பெயர்தான் நிலைத்தது. அண்ணிக்கு இடதக்கா. நாத்தனாருக்கு வலதக்கா. சமையலறை சிங்க் செய்யும் தொழிற்சாலை அது. நாலாம் நம்பர் பிரஸ்ஸின் இடப்பக்கம் அண்ணி நின்று தகட்டை உள்ளே தள்ளுவாள், வலப்பக்கம் நாத்தனார் நின்று அழுத்தி முடித்த தொட்டியை வெளியே உருவுவாள். இரண்டு பேருக்கும் முன்னால் இரண்டிரண்டு பச்சைப் பொத்தான். நாலு உள்ளங்கையும் ஒரே நேரத்தில் அழுந்தினால்தான் பிரஸ் இறங்கும். ஒரு கை கண் சிமிட்டும் நேரம் பிந்தினாலும் சிவப்பு விளக்கு எரியும், இயந்திரம் ஒரு விரற்கடைகூட அசையாது. விரல் தப்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதனால் அங்கே யாருக்கும் தனி வேலை கிடையாது. சேர்வதும் ஜோடி, லீவு எடுப்பதும் ஜோடி, ஓவர்டைம் பார்ப்பதும் ஜோடி. இவர்கள் பதினேழு வருஷ ஜோடி. ஜோடியின் காகிதம் எதுவானாலும் வலப்பக்கத்து ஆள் கொண்டுபோய் ஆபீசில் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். இடதக்கா இந்தப் பதினேழு வருஷத்தில் ஆபீஸ் படி ஏறியதில்லை. பெருமையாகக்கூடச் சொல்லிக்கொள்வாள்.

அந்தப் பெருமைதான் இப்போது தெருவுக்கு வந்திருந்தது.

விஷயம் இதுதான். ஊரில் தலைகள் குறைந்துகொண்டே வந்தன. அதை முதலில் கண்டுபிடித்தது நகராட்சி அல்ல, முடிவெட்டுகிறவர். “நரைச்ச தலைதான் வருது, கறுப்பு முடி தரையில விழுந்து ஆறு மாசம் ஆச்சு” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தார். அடுத்துப் பள்ளிக்கூடம் கண்டுபிடித்தது. பதினொன்றாம் வகுப்பில் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள், அடுத்த வருஷம் அந்த வகுப்பே கிடையாது என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். நகராட்சி கடைசியாகக் கணக்கெடுத்து, இருபது வருஷத்தில் மூன்றில் ஒரு பங்கு ஜனம் போய்விட்டது, இருப்பவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று அறிக்கை போட்டது. முடிவெட்டுகிறவர் அதைக் கண்ணாடிக்கு மேலே ஒட்டிவைத்து, “நான் சொன்னப்போ சிரிச்சீங்களே” என்று எல்லோரிடமும் பழி தீர்த்துக்கொண்டார்.

இதையெல்லாம் தொழிற்சாலை பார்க்காமல் இருக்குமா? எட்டு பிரஸ்ஸில் ஐந்தைக் கழற்றிப் பத்து மணி நேரத் தூரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் பெரிய ஊருக்குக் கொண்டுபோகப் போகிறோம், மூன்று இங்கேயே நிற்கும் என்று அறிவித்தார்கள். கூட வர விரும்புகிற ஜோடிகள் மனு கொடுக்கலாம், குவார்ட்டர்ஸ் உண்டு. இங்கேயே இருக்க விரும்புகிற ஜோடிகளும் சொல்லலாம். ஒற்றையாக நிற்கிற ஆளுக்கு மாசக் கடைசியோடு கும்பிடு.

இடதக்காவுக்குப் பதினாறு வயதில் ஒரு மகள். மூடப்போகிற பதினொன்றாம் வகுப்பில் சேர வேண்டியவள். அந்தப் பெண்ணுக்காகத்தான் இடதக்கா ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள். நாலாம் நம்பர் பிரஸ், வலப்பக்கம்: வலதக்கா. இடப்பக்கம்: ஒட்டடைக்குச்சி. ஆறாம் நம்பர் பிரஸ்ஸில் பட்டாணி என்பவளோடு பதினொரு வருஷம் நின்ற நெட்டைப் பெண்ணுக்குத்தான் ஒட்டடைக்குச்சி என்று பெயர். இடதக்காவின் பெயர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

“ஏங்க, வாயைத் தொறங்க. குடுத்தீங்களா இல்லையா?” என்று இடதக்கா வாசற்படி பக்கம் திரும்பினாள்.

அங்கே அவள் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வலதக்காவுக்குக் கூடப்பிறந்த அண்ணன். தொழிற்சாலை பஸ்ஸை ஓட்டுகிறவர் என்பதால் ஊருக்கு அவர் பஸ்காரர். கையில் ஒரு ஸ்பேனரை வைத்துத் தண்ணீர்க்குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். குழாய் ஒழுகவே இல்லை.

“குடுத்தேன்னுதான் ஞாபகம்” என்றார் குழாயைப் பார்த்து.

“கேட்டியாடி?”

வலதக்கா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் குழாயைப் பார்த்தார். வலதக்கா விறுவிறுவென்று தெருவைத் தாண்டிப் போய்விட்டாள். மாடியில் மெஷின் மறுபடி ஓட இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது.

வீட்டுக்காரர் சொல்வதை நம்ப இடதக்காவுக்குக் காரணம் இருந்தது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்த மனுஷர் ஒரு குடையைக்கூடத் தொலைத்ததில்லை. அதோடு, ‘ஊர் நிலைக்கும் சங்கம்’ என்று ஒன்று இருந்ததே, அதற்கு அவர்தான் செயலாளர். ஊரை விட்டு யாரும் போகக்கூடாது என்பது சங்கத்தின் கொள்கை. தொடங்கும்போது அறுபது பேர். கடைசிக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் டீக்காக வந்தவர்கள். தலைவரே போன மாசம் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். இருந்தும் பஸ்காரர் விடவில்லை. ஷிப்டுக்கு ஏறுகிற தலைகளை ஒவ்வொன்றாக எண்ணி, “நேத்து இருபத்தி ரெண்டு, இன்னிக்குப் பத்தொன்பது. மூணு பேரும் ஓடிட்டானுங்களா, இல்ல வயித்துப்போக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அப்படிப்பட்டவர் மனைவியின் ஃபாரத்தைப் பார்த்ததும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், “கொண்டா, நானே தங்கச்சிகிட்ட குடுத்துடறேன்” என்று வாங்கிக்கொண்டார். எவ்வளவு பெரிய மனசு என்று இடதக்கா அன்று ராத்திரி அவருக்கு இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் இடதக்கா முதல் தடவையாக ஆபீஸ் படி ஏறினாள். மொத்தம் பதினான்கு படி. பதினேழு வருஷமாக நாத்தனார் ஏறிய படிகள்.

கிளார்க் நல்லவர்தான். நல்லவர்கள் எல்லோரையும் போலக் கண்ணைப் பார்க்காமல் பேசுகிறவர். “உங்க ஜோடி எழுதிக் குடுத்திருக்காங்களேம்மா. ‘என் ஜோடிக்கு வெளியூர் வர விருப்பமில்லை. ஆகையால் வேறு ஆளுடன் மனு செய்ய அனுமதி வேண்டும்.’”

“எனக்கு விருப்பமில்லைன்னு அவளுக்கு யார் சொன்னது?”

“அது எப்படிம்மா எனக்குத் தெரியும்? குடும்பத்துல ஒருத்தர் உறுதி செஞ்சு கையெழுத்துப் போட்டிருக்காங்க. இதே கையெழுத்துதான் குவார்ட்டர்ஸ் ஜாமீன்லயும் இருக்கு. சொந்த வீடு உள்ளவங்க ஒருத்தர் ஜாமீன் போட்டாத்தான் அங்க வீடு குடுப்பாங்க.”

காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். அந்தக் கையெழுத்தை இடதக்காவுக்குக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. கடைசி எழுத்தின் வாலை நீட்டிக் கீழே இரண்டு சுழி போட்டு முடிப்பது, பஸ்ஸுக்கு அடியில் சக்கரம் மாதிரி. மகளின் மார்க் அட்டையில் அவள் பத்து வருஷமாகப் பார்த்துவரும் கையெழுத்து.

“இதை மாத்த முடியாதா சார்?”

“பட்டியல் தலைமை ஆபீசுக்குப் போயிடுச்சும்மா. வீட்டுச் சாவிகூடப் பேர் போட்டு வச்சாச்சு.”

பதினான்கு படியும் இறங்கும்போது எண்ணத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஷிப்டு விட்டது. பஸ்ஸில் எல்லோரும் ஏறி உட்கார்ந்த பிறகு கடைசியாக இடதக்கா ஏறினாள். வண்டி கிளம்பியும் உட்காரவில்லை. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என் ஃபாரம் எங்கே?”

“வண்டி ஓட்டிட்டிருக்கேன். வீட்டுல பேசலாம்.”

“வீட்டுல பேசிப் பேசித்தானே இங்க வந்து நிக்கிறேன். இப்பச் சொல்லுங்க.”

பஸ்ஸில் பத்தொன்பது பேர். ஒருவர்கூட ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. இருமல் வந்தவர்கள் ஒத்திவைத்தார்கள். பஸ்காரர் பூட்டிய சினிமா கொட்டகைக்கு எதிரே வண்டியை ஓரங்கட்டினார்.

“அங்க கம்பெனி பஸ் கிடையாது. ஊர் பஸ்தான். ஐம்பத்தி ரெண்டு வயசுல என்னை எவன் எடுப்பான்? உன் சம்பளத்துல உக்காந்து திங்கச் சொல்றியா?”

“அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா நீ என்ன சொல்லியிருப்ப? ‘பரவாயில்லைங்க, போகலாம்’னு சொல்லியிருப்ப.”

“ஆமா. சொல்லியிருப்பேன்.”

“அதான்” என்றார் பஸ்காரர், ஏதோ தன் பக்கம் தீர்ப்பானது போல. “அதோட, ஊரையெல்லாம் போகாதேன்னு பிடிச்சு நிறுத்தறவன் நான். என் வீட்டுக்குப் பூட்டுத் தொங்கினா என் மூஞ்சியை எங்க கொண்டு வைக்கிறது?”

பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. “அண்ணே, தங்கச்சியை மட்டும் டாட்டா காட்டி அனுப்புறீங்க?”

“அவ அடங்க மாட்டேன்னுட்டா. நான் என்ன பண்றது?” என்றார் பஸ்காரர் திரும்பாமலே.

இடதக்கா தலைக்கு மேலே இருந்த முதலுதவிப் பெட்டியைத் திறந்தாள். அந்த மனுஷர் எதையும் தூக்கிப் போடுகிறவரில்லை, ஒளித்து வைக்கிறவர் என்பது அவளுக்குத் தெரியும். பஞ்சுக்கும் காய்ந்துபோன களிம்புக்கும் பின்னால் ஃபாரம் இருந்தது. அட்டையோடு, மடங்காமல். அந்த ஒரு விஷயத்தில் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார்.

அவள் அங்கேயே இறங்கி நடந்தாள். பஸ் கொஞ்ச தூரம் அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பிறகு உள்ளே இருந்தவர்களுக்குப் பசி வந்துவிட்டது.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மாசக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள். அதுவரை நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இவள் இடப்பக்கம், அவள் வலப்பக்கம். நடுவே மூன்றடி. இரண்டு பேர் காதிலும் சத்தம் புகாத அடைப்பான். நாத்தனார் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று சபதம் போட்டால் பிரஸ் இறங்காது. தகட்டைத் தள்ளினாள், நிமிர்ந்து பார்த்தாள், நாலு உள்ளங்கையும் அழுந்தின, பிரஸ் இறங்கியது. மதியம் வரை நூற்றுத் தொண்ணூறு தொட்டி. ஒன்றுகூடக் கோணவில்லை, ஒரு தடவைகூடச் சிவப்பு எரியவில்லை. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, “சண்டைன்னு சொன்னாங்க?” என்று ஏமாற்றத்தோடு திரும்பிப் போனார். இடதக்காவுக்குத் தன் கைகள் மேலேயே வெறுப்பாக இருந்தது. கொஞ்சமாவது ரோஷப்பட வேண்டாமா?

சாப்பாட்டு மணி அடித்ததும் வலதக்கா அடைப்பானைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

“அண்ணன் ஜாமீன் போடணும்னா உங்ககிட்ட நான் வாயைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாரு. ‘உங்க அண்ணி வரமாட்டா, நீ வேற ஆளைப் பாத்துக்கோ’ன்னாரு. எனக்குப் புருஷன் இல்ல, சொந்த வீடு இல்ல. வேற யாருகிட்ட அண்ணி நான் போய் நிப்பேன்?”

“நான் வரமாட்டேன்னு நீ நம்பினியா?”

வலதக்கா பொத்தானைத் துணியால் துடைத்தாள்.

“கேக்கறேன்ல?”

“போன மாசம் பாப்பா எங்கிட்ட வந்து, ‘அத்தை, அந்த ஊர் ஸ்கூல்ல ஹாஸ்டல் இருக்கா, இல்ல நாம எல்லாரும் ஒண்ணா இருப்போமா’ன்னு கேட்டா.”

“அப்போ தெரியும்.”

“தெரியும் அண்ணி.”

“மூணடி தூரத்துல நின்னு, பதினேழு வருஷம் என் கையைப் பாத்துக் கை வச்சவ. ஒரு வார்த்தை கேக்க உனக்கு வாய் வரல.”

“கேட்டா நீங்க அண்ணன்கிட்ட போய் நிப்பீங்க. அவரு ஜாமீனைக் கிழிச்சுப் போடுவாரு. அப்புறம் நீங்களும் போக முடியாது, நானும் போக முடியாது. ஒருத்தராவது...”

“அந்த ஒருத்தர் நீயா இருக்கணும். அவ்வளவுதானே?”

வலதக்கா துணியை மடித்து வைத்தாள். சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது. அடைப்பானை மாட்டிக்கொண்டு இன்னொரு நூற்று எழுபது தொட்டி அழுத்தினார்கள்.

வேறொரு இடத்தில் வேறொருத்தி இவளைவிட அதிகமாகக் கொதித்துக்கொண்டிருந்தாள். பட்டாணி. ஒட்டடைக்குச்சியால் கழற்றிவிடப்பட்டவள். ஆள் நாலரை அடி, குரல் ஆறடி. புதன்கிழமை கை கழுவும் குழாயடியில் இடதக்காவைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தாக்கா, அழுதது போதும். உனக்கு வலப்பக்கம் காலி, எனக்கு இடப்பக்கம் காலி. இங்க நிக்கப்போற மூணு பிரஸ்ல ஒண்ணுக்கு இன்னும் ஆள் கிடைக்கல, தெரியுமா? எல்லாரும் போறதுக்குத்தான் மனு குடுத்திருக்காங்க. இருக்கறதுக்கு ரெண்டே ஜோடிதான் குடுத்திருக்கு.”

“எனக்கு இருக்கறதுக்கு இஷ்டமில்லடி.”

“இஷ்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. வேலை வேணுமா வேணாமா?”

அதுதான் கேள்வி. வேலையில்லாமல் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய ஊரில் போய் எந்த வாசலில் நிற்பது? வேலை இருந்தால் மகளையாவது அனுப்பலாம். இடதக்கா ராத்திரி முழுக்க யோசித்தாள் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் குழாயை மூடுவதற்குள் முடிவெடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. சூப்பர்வைசர் கையில் கடிகாரம். அரை மணியில் முப்பது தொட்டி அழுத்த வேண்டும். முதல் தகட்டைத் தள்ளினாள் இடதக்கா. சிவப்பு. இரண்டாவது தடவையும் சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு. வலதக்கா பொத்தானில் கை வைக்கும் முன் வலது தோளை ஒரு விரற்கடை தூக்குவாள். யாரும் கவனித்திராத விஷயம், இடதக்காவே அன்றுதான் கவனித்தாள். அவள் கைகள் அந்தத் தோளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன. பட்டாணியின் தோளோ பிரஸ்ஸின் விளிம்புக்கு மேலே தெரியவே இல்லை.

“அக்கா! எங்க பாக்கற? அவ இல்ல இங்க, நான் இருக்கேன்!” என்று பட்டாணி போட்ட சத்தம் அடைப்பானைத் துளைத்துக்கொண்டு வந்தது. ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். “இப்பத் தெரியுதா? என் மூஞ்சியைப் பாரு. நான் தலையை ஆட்டினதும் அழுத்து.”

நான்காவது இறங்கியது. அரை மணியில் இருபத்தேழு வந்தது. மூன்று குறைச்சல். சூப்பர்வைசர் கடிகாரத்தையும் பார்த்தார், வேறு மனுவே வராத தன் பட்டியலையும் பார்த்தார். “இந்த ஊருக்கு இது போதும்” என்று எழுதிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் பட்டாணி சந்தோஷத்தில் குதித்தாள். இடதக்கா கணக்குப் பார்த்தாள். வேலை கிடைத்தது. ஆனால் பஸ்காரர் நினைத்தபடியே அவள் ஊரில் தங்கிவிட்டாள். அவள் வாயாலேயே சம்மதிக்க வைத்துவிட்டார்கள், அவர் அதற்கு ஒரு வார்த்தைகூடச் செலவழிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தில் ஒரு சின்ன நிம்மதியைப் பார்த்தாள். சண்டையையெல்லாம் பொறுத்துக்கொண்டவள் அந்த நிம்மதியைப் பொறுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் மகளையும் கூட்டிக்கொண்டு, துணிமணி, இரண்டு பாத்திரம், ஒரு மெத்தையோடு அதே தெருவில் நாலு வீடு தள்ளிப் பூட்டிக் கிடந்த வீட்டுக்குக் குடிபோனாள். வீட்டின் சொந்தக்காரி ஒரு பேச்சு பேரம் பேசவில்லை. யாராவது ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்றாள். “ஒரே தெருவுக்குள்ளயே இடம்பெயர்ந்த முதல் ஆள் நீதான்” என்று தையல்காரம்மா மாடியிலிருந்து சொன்னாள். கேலியா ஆறுதலா என்று தெரியவில்லை, அவளுக்கே தெரிந்திருக்காது.

மாசக் கடைசியில் வலதக்கா புறப்பட்டாள். புறப்படும் முன் வாசலுக்கு வந்து, உள்ளே வராமல், “பாப்பாவை எங்கூட அனுப்புங்க அண்ணி. குவார்ட்டர்ஸ்ல ரெண்டு ரூம் இருக்கு. ஸ்கூல் நடக்கிற தூரம்” என்றாள்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். “அம்மா, உனக்கு இஷ்டமில்லேன்னா நான் போகல.”

“போ. அவ எனக்குச் செஞ்சதுக்கு உனக்குச் சோறு போடட்டும்” என்றாள் இடதக்கா, நாத்தனார் காதில் விழும்படியாகவே. வலதக்கா தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தூக்கினாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கேள்விப்பட்டதுதான், ஆனால் நம்பகமான இடத்தில் கேள்விப்பட்டது. வலதக்கா இரண்டாம் வருஷம் குவார்ட்டர்ஸ் எலெக்ட்ரீஷியனைக் கட்டிக்கொண்டாள், அவருக்கும் இரண்டாவது. ஒட்டடைக்குச்சிக்கு அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளாமல் எட்டே மாசத்தில் திரும்பி வந்து பட்டாணியிடம் கெஞ்சிப் பார்த்தாள். பட்டாணி கதவைத் திறக்காமலே திட்டி அனுப்பினாள். மகள் பள்ளியை முடித்து, நர்ஸ் படிப்பும் முடித்து, அதற்கும் அப்பாலுள்ள ஊரில் கூட வேலை பார்க்கிற ஒரு பையனைத் தானே தேடிக்கொண்டாள். கல்யாணத்தில் அண்ணியும் நாத்தனாரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள், பேசிக்கொள்ளவில்லை.

ஊர் நிலைக்கும் சங்கத்தின் செயலாளர் என்ன ஆனார் என்றால், புதிய தொழிற்சாலையில் அடுத்த வருஷமே கம்பெனி பஸ் விட்டார்கள். டிரைவர் வேண்டும் என்று விளம்பரம் வந்த வாரமே மனு போட்டு, சொந்த வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, பெரிய ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். போகும்போது யாரிடமும் சொல்லவில்லை. போன பிறகு, குடித்தனம் வைக்க வா என்று இடதக்காவுக்கு மூன்று தடவை ஆள் அனுப்பினார். ஒற்றை ஆளை அங்கே எடுக்க மாட்டார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு, அவள் பட்டாணியோடு காலை ஷிப்டுக்குப் போய்விட்டாள்.